பெயர் ஒன்று, ஆள் வேறு

1

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் நிறைந்த வாரத்தில் வெளிநாட்டினர் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தரமாகத் தங்கும் அட்டை தருவார்கள் என்று நம்பி, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். தரவில்லை. என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. படிப்புச் சான்றிதழில் அப்பா வெறும் ஓர் எழுத்தாக எனக்கு முன்னால் நிற்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இந்த இருவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். நான்தான் எதிரில் நிற்கிறேனே என்றேன். அவர் சிரிக்கவில்லை. இந்த ஊரில் அலுவலக வேளையில் யாரும் சிரிப்பதில்லை, அதற்கும் முன்கூட்டி நேரம் வாங்க வேண்டும் போலிருக்கிறது.

வெளியே வந்து டிராமுக்கு நிற்கும்போது இம்தியாஸ் கூப்பிட்டான். வேலூரில் பாலிடெக்னிக் படித்த காலத்திலிருந்து அவன் என் சிநேகிதன். ஆம்பூர்க்காரன். மாதனூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறான். என் தங்கை செல்வி அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறாள். அதனால் இம்தியாஸ் பெயர் பகல் நேரத்தில் போனில் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

"பார்த்தி, மிஷின் மறுபடியும் ரெண்டு தரம் அடிச்சிடுச்சுடா."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஷபானா. நகம் போய்டுச்சு. விரலு தப்பிச்சது."

"செல்வி?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல, அவ பக்கத்து மிஷின். ஆனா பொம்பளைங்க எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. இனிமே உக்கார மாட்டோம்னு. மேனேஜர் பேஜார் பண்றாரு, ஷிப்மென்ட் இருக்குது. நீ அங்க இருந்துகினு இன்னாதான் பண்ற?"

டிராம் வந்தது. நான் ஏறவில்லை.

2

என்னை ஏன் கேட்கிறான் என்று சொல்லிவிடுகிறேன்.

கட்டிங் பிரஸ் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: தோலை விரித்து, அதன் மேல் ஷூ பாகத்தின் வடிவத்தில் இருக்கும் இரும்பு அச்சை வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால், மேலே இருக்கும் கனத்த இரும்புக் கை இறங்கி அச்சின் மேல் ஒரே அடி. வெட்டுப்பட்ட துண்டை எடுத்துப்போட்டுவிட்டு அடுத்தது. இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது மட்டும் அது இறங்க வேண்டும். அதுதான் ஒரு பெண் வீட்டுக்குப் பத்து விரலோடு போவதற்கான ஏற்பாடு.

இம்தியாஸின் கம்பெனி, ஐரோப்பாவில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து இந்த மிஷின்களை வரிசையாக வாங்கிப்போட்டது. எங்கள் பக்கம் அது சாதாரணம். அந்த மிஷினின் மூளையைச் செய்தது நான் இப்போது வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். நான் திட்டமிட்டு வந்து சேரவில்லை, அப்படி அமைந்தது. மாதனூரில் பொருத்தும்போது எங்கள் ஆட்கள் ஒரு புது மென்பொருளை ஏற்றினார்கள். அன்றிலிருந்து வேகமாக வேலை நடக்கும்போது எப்போதாவது ஒரு தடவை, கூப்பிடாமலே இரண்டாவது அடி விழுகிறது. கை துண்டை எடுக்க உள்ளே போயிருக்கும் நேரத்தில்.

பிழை எங்கே என்று இம்தியாஸ் கூப்பிடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். ஓர் அடி விழுந்தபின், பொத்தான்கள் உண்மையில் விடுபட்டனவா என்று பார்ப்பதற்கு முன்பே மிஷின் அடுத்த அடிக்குத் தயாராகிவிடுகிறது. சில வரிகளை மாற்றினால் போதும். மாற்றியும் வைத்திருந்தேன். ஆனால் நான் எழுதும் வரிகள் மிஷினுக்குப் புரியாது. அதை மிஷினின் மொழிக்கு மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும், அதுவும் மிஷினுக்குள் இருக்கும் அந்தப் பழைய சில்லுக்கென்றே இருந்த பழைய கம்பைலர். அது அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு லினக்ஸ் கணினியில் மட்டும் இருந்தது. அதைப் பராமரித்தவர் ஓய்வு பெற்றுப் போனார், அவருக்குப் பின்னாலேயே அதன் ஹார்ட் டிஸ்கும் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு லினக்ஸ் கணினி கொடுங்கள் என்று கேட்டேன். விண்ணப்பம் போடு, பாதுகாப்புக் குழு பார்க்கும், பிறகு கொள்முதல் பார்க்கும் என்றார்கள். எனக்குக் கொடுத்திருந்ததோ வெள்ளி நிறத்தில் பளபளவென்று, லினக்ஸ் இல்லாத ஒரு மடிக்கணினி. சரி, இதிலேயே அந்தக் கம்பைலரை மூல நிரலிலிருந்து கட்டிவிடலாம், அதற்கென்ன என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குத்தான் நான்கு நாள் அனுபவித்தேன்.

3

கம்பைலரைக் கட்டுவது என்பது ஒரே வேலை இல்லை. ஒரு பெரிய கல்யாண வேலை மாதிரி, ஆயிரம் சின்ன வேலை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு கட்டளையைக் கூப்பிடும். கோப்புகளை அவிழ்க்க ஒன்று, வரிகளில் சொற்களைத் தேடி மாற்ற ஒன்று, எதை எதற்குப் பின் செய்வது என்று வரிசைப்படுத்த ஒன்று. இவை எல்லாம் லினக்ஸிலும் உண்டு, என் மடிக்கணினியிலும் உண்டு. பெயரும் ஒன்றே. ஆள்தான் வேறு.

முதல் நாள் சண்டை எல்லாம் சத்தமான சண்டை. வேலைகளை வரிசைப்படுத்தும் 'மேக்' என்று ஒரு கட்டளை. மடிக்கணினியோடு வந்த மேக் அரதப் பழசு, புது இலக்கணம் புரியவில்லை என்று கத்தி நின்றது. புதிய மேக்கை நிறுவினேன். அடுத்து 'ஜிசிசி', கம்பைலரைக் கட்டவே தேவைப்படும் இன்னொரு கம்பைலர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் வருகிறது. ஆனால் பதில் சொல்வது ஜிசிசி இல்லை, வேறொரு கம்பைலர் அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பழைய நிரலின் நடை பிடிக்காமல் பக்கம் பக்கமாகத் திட்டியது. உண்மையான ஜிசிசியை வரவழைத்து உட்காரவைத்தேன். இப்படி ஒவ்வொன்றாக. கத்துகிற பிழை நல்ல பிழை. எங்கே வலிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் யார் வருவார்கள் என்பதைக் கணினி எப்படித் தீர்மானிக்கிறது என்றால், அதனிடம் ஒரு பாதை வரிசை இருக்கிறது. முதலில் இந்த அடைவில், அதாவது ஃபோல்டரில், தேடு, அங்கே இல்லையென்றால் அடுத்ததில் தேடு என்று. முதலில் யார் கண்ணில் படுகிறார்களோ அவர்தான் ஆள். பின்னால் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் நின்றாலும் கவலை இல்லை. நான் நிறுவிய கருவிகளின் அடைவை வரிசையின் முன்னால் வைத்தேன்.

என் மகள் ஓவியா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கிறது, நடக்கிற வரை நடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.

"தப்பானதை அழித்துவிட வேண்டியதுதானே?" என்றாள், ஜெர்மனில்.

"அழிச்சா கம்ப்யூட்டரே படுத்துடும்மா. அதோட சொந்த வேலைக்கு அதுதான் வேணும். ரெண்டு பேரும் இருக்கணும். யாரு எங்க நிக்கிறதுங்கறதுதான் தகராறு."

கொஞ்சம் யோசித்தாள். "இதைச் சரி பண்ணினால் அத்தை மறுபடி அந்த மிஷினில் உட்காருவாளா?"

ஆமாம் என்றேன். அத்தையோடு போனில் பேச வா என்றால் அவள் வரமாட்டாள். அவள் தமிழைக் கேட்டு செல்வி ஒருமுறை சிரித்துவிட்டாள், அந்தக் கோபம். ஆனாலும் அன்றைக்கு அவள்தான் கேட்டாள்.

4

வெள்ளிக்கிழமை மதியம் கம்பைலர் கட்டி முடிந்தது. ஒரு பிழையும் இல்லை. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் மேலாளர் வந்தார். நல்ல மனுஷி. எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் ஊர்ப் பழக்கத்தில், "முடிஞ்ச மாதிரிதான்" என்பதை ஜெர்மனில் அப்படியே சொன்னேன். நம்மூரில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, என்னைத் தொந்தரவு செய்யாதே, ஆனால் மனம் தளராதே. எங்கள் பக்கம் தையல்காரரிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை எல்லோருக்கும் இது தெரியும். இங்கே ஒருவர் முடிந்தது என்று சொன்னால் முடிந்தது. அவர் தன் மேசைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை புது மென்பொருள் தயார் என்று இம்தியாஸின் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டார்.

அரை மணி நேரத்தில் இம்தியாஸ் கூப்பிட்டான்.

"மச்சான், கலக்கிட்ட போ! ஞாயித்துக்கிழமை ஸ்பெஷல் டூட்டி போட்டுட்டாரு மேனேஜர். லேடீஸ்க்கு பஸ் கூட சொல்லியாச்சு."

"டேய், நான் இன்னும் டெஸ்ட்டே பண்ணலடா."

"மெயில் வந்துடுச்சே? தயார்னு போட்டிருக்குது."

"ஒரு நாள் தள்ளச் சொல்லு."

"தள்ளினா அவரு பழைய சாஃப்ட்வேர்லயே ஓட்டிடுவாரு. உக்காராதவங்க வீட்டுக்குப் போலாம்னு சொல்லிட்டாரு. யாரு போவாங்க சொல்லு? எல்லாரும் உக்காந்துடுவாங்க. உன் தங்கச்சி உள்பட."

எனக்கு அவன் மேல் கோபம் வந்தது, மேலாளர் மேல் கோபம் வந்தது, என் வாயின் மேல்தான் அதிகமாக வந்தது. ஒன்பது வருடமாக இந்த மொழியைப் பேசுகிறேன். சொற்கள் எல்லாம் தெரியும். அவற்றுக்கு இங்கே எவ்வளவு எடை என்பது இன்னும் பிடிபடவில்லை.

5

ஒரு கம்பைலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நேரான வழி உண்டு. பழைய நிரலை, ஒரு எழுத்தும் மாற்றாமல், புதிதாகக் கட்டிய கம்பைலரில் கொடுக்க வேண்டும். வருவது, அந்தக் காலத்தில் பழைய கம்பைலர் செய்துகொடுத்த கோப்போடு ஒரு பைட் கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். சனிக்கிழமை காலையில் அதைச் செய்தேன். ஒத்துப்போகவில்லை.

எங்கோ கொஞ்சமாக வித்தியாசம் இருந்திருந்தால்கூடத் தேதி, நேரம் என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். இது அடியோடு வேறாக இருந்தது. பெருக்கல், வகுத்தல் செய்யும் பகுதி முழுக்க வேறு.

அன்று கவிதாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, மருத்துவமனையில் நர்ஸ் டூட்டி. ஓவியாவை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, அங்கே ஈரத் தரைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் கணினியோடு தேடினேன். குளோரின் நாற்றமும் பிள்ளைகளின் கூச்சலும்.  என் வேலை தவறினால் அது செல்வியின் கையில் போய் விழும் என்ற நினைப்பு வந்துவிட்டால் ஒரு வரியும் தலையில் ஏறாது. அதைத் தள்ளித் தள்ளி வைத்துப் படித்தேன்.

குற்றவாளி 'செட்'. வரிகளில் சொற்களைத் தேடி மாற்றும், ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக் கட்டளை. கம்பைலரைக் கட்டும்போது, எந்தெந்தச் சில்லுக்கு எந்தெந்த உதவித் தொகுப்பு என்று ஒரு பட்டியலைச் செட்தான் நறுக்கித் தயாரிக்கிறது. அந்தக் கட்டளை லினக்ஸ் செட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. மடிக்கணினியோடு பிறந்த செட்டுக்கு அதில் ஒரு குறி புரியாது. புரியவில்லை என்று அது கத்தியிருந்தால் அதன் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன். கத்தவில்லை. தனக்குப் புரிந்ததை மட்டும் செய்துவிட்டுப் பேசாமல் போய்விட்டது. எங்கள் சில்லின் வரி பட்டியலிலிருந்து உதிர்ந்துபோனது. கம்பைலரும் அலட்டிக்கொள்ளாமல் எல்லாச் சில்லுக்கும் பொதுவான தொகுப்பை எடுத்துப் பொருத்திக்கொண்டது. இந்தத் தொகுப்பில் கணக்குகள் முடியும் நேரம் வேறு. அடிக்கும் அடிக்கும் நடுவே பிரஸ் காத்திருக்கும் நேரமோ அந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. அந்தக் கோப்பை ஏற்றியிருந்தால், நான் திருத்திய வரிகளையும் மீறி, இரண்டாவது அடி முன்பைவிட அடிக்கடி விழுந்திருக்கும்.

ஆனால் நான்தான் என் அடைவை முன்னால் வைத்தேனே? கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னலில் கேட்டுப் பார்த்தேன், செட் என்றால் யார் என்று. நான் நிறுவிய செட் என்று சத்தியம் செய்தது. மறுபடி கட்டினேன். மறுபடி உதிர்ந்தது. வெளியே கேட்டால் ஒரு பதில், உள்ளே வேலை செய்வது வேறு ஆள். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது.

ஓவியா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, ஓய்வு பெற்றவர் எழுதிவைத்த கட்டளைப் பட்டியலை, அந்தக் கட்டும் ஸ்கிரிப்டை, வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. அது வேலையைத் தொடங்கும் முன் தனக்கென்று ஒரு புதிய ஷெல்லை, அதாவது கட்டளைகளை வாங்கி ஓடவைக்கும் நிரலை, திறக்கிறது. அப்படிப் புதிதாகத் திறக்கும் ஷெல், மடிக்கணினியின் பொது அமைப்பை முதலில் படித்துவிடுகிறது. அந்த அமைப்போ, நான் முன்னால் நிறுத்தியவர்களைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, தன் ஆட்களை முதல் வரிசையில் உட்காரவைக்கிறது. நான் வாசலில் நின்று யார் உள்ளே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. புதிதாக ஓர் அடைவு. அதில் எனக்கு வேண்டிய கருவிகள் மட்டும், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, சரியான ஆள்தானா என்று பார்த்து வைத்தேன். ஸ்கிரிப்டில் ஷெல் திறக்கும் வரியை மாற்றி, பழைய அமைப்பு எதையும் படிக்காமல் வெறும் ஆளாகத் தொடங்கி, இந்த ஓர் அடைவை முதலில் பார்க்கச் சொன்னேன். ஏற்கனவே கட்டியதை எல்லாம் அழித்தேன். அழிக்காமல் விட்டால், முதலில் சுற்றிப் பார்த்து எந்தக் கருவி எங்கே என்று குறித்துக்கொண்டதையே அது நம்பிக்கொண்டிருக்கும். ஆரம்பத்திலிருந்து கட்டினேன். சாயங்காலம் பழைய நிரலைக் கொடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பைட்டும் ஒத்துப்போனது.

திருத்திய நிரலையும் கொடுத்து, வந்த கோப்பை இம்தியாஸுக்கு அனுப்பினேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"கைக்குப் பதிலா ஒரு கட்டையை வச்சு அடிச்சுப் பாரு. நல்லா நேரம் எடுத்துப் பாரு."

"பாக்கறேன். ஆனா கட்டைக்கு அந்த ஸ்பீடு வராதுடா. ஆள் உக்காந்து வேலை கணக்குல அடிச்சாத்தான் அது வெளிய வரும். உனக்கே தெரியும்."

தெரியும். "செல்வியை மொதல்ல உக்கார வைக்காத. வேற யாரையாவது வை," என்றேன்.

"சரிடா. ஷபானா மிஷின்தான மொதல்ல. அவளே உக்காருவா," என்றான்.

6

ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை காபி நேரம், அங்கே மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. இம்தியாஸ் வீடியோவில் கூப்பிட்டு, போனை மிஷினுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான். கட்டையை வைத்து அடித்ததெல்லாம் ஒழுங்காக இருந்ததாம். படத்தில் அச்சும், கறுப்புத் தோலும், பச்சைப் பொத்தான்களும், அவற்றின் மேல் இரண்டு கைகளும் தெரிந்தன. முகம் தெரியவில்லை. நகத்தில் கட்டு எங்கே என்று பார்த்தேன். கட்டு இல்லை.

"இம்தி, யார் உக்காந்திருக்கறது?"

"நான்தாண்ணா," என்றாள் செல்வி.

எங்கள் பக்கத்துக் கட்டிங் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது வெறுமனே பயம் என்றால், இன்னொருத்தி அவளுடைய அடையாள டோக்கனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் மிஷினில் உட்கார்ந்துவிடுவாள். சூப்பர்வைசரிடம் கேட்பதில்லை. அவரும் டோக்கனைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பதில்லை. செல்வியின் கழுத்தில் ஷபானாவின் டோக்கன் தொங்கியிருக்கும். எனக்கு இது தெரியும். எப்படி மறந்தேன்?

"எழுந்திரு செல்வி."

"ஏன்?"

"எழுந்திருன்னு சொல்றேன் இல்ல. இம்தி, வேற ஆளை வை."

போனை யாரோ எடுத்தார்கள். செல்வியின் முகம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"வேற ஆளுன்னா யாருண்ணா? ஷபானாக்குக் கைப்புள்ள இருக்கு. நகம் போன கையோட நடுங்கறா. நீ அனுப்பினது நல்லா இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லு. நல்லா இருந்தா நான் உக்காந்தா இன்னா? நல்லா இல்லன்னா அவள ஏன் உக்காரச் சொன்ன?"

 அவளுக்குப் பின்னால் சுவரோரம் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லோர் கண்ணும் போனின் மேல்.

அப்போது ஒரு விஷயம் என் மண்டையில் இறங்கியது. முந்தின நாள் நான் ஒப்பிட்டுப் பார்த்தது பழைய நிரலின் கோப்பை. திருத்திய கோப்பை எந்த ஜன்னலிலிருந்து செய்தேன்? திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல் திறந்திருந்தது. ஒன்று சுத்தமானது. இன்னொன்று காலையில் திறந்த பழசு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. பழைய ஜன்னலில் தட்டினால் ஓடுவது வெள்ளிக்கிழமைக் கம்பைலரின் ஒரு பிரதி, ஓய்வு பெற்றவரின் ஸ்கிரிப்ட் அதை வேறோர் இடத்தில் எடுத்து வைத்திருந்தது. நான் அழித்தது கட்டிய இடத்தை மட்டும். சாயங்காலம் களைப்பில் எந்த ஜன்னலில் தட்டினேன்? சுத்தமானதில்தான். தொண்ணூறு சதவீதம் சுத்தமானதில்தான். இரண்டையும் இரவே மூடிவிட்டேன்.

"இம்தி, மிஷினை ஆஃப் பண்ணு. மெயின் ஸ்விட்ச். எனக்கு ஒரு விஷயம் பாக்கணும்."

"இன்னாடா இப்ப வந்து! மேனேஜர் வர்றாரு பாரு."

"ஆஃப் பண்ணுடா!"

கத்திவிட்டேன். ஓவியா அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பிரஸ்ஸின் மோட்டார் ஓசை அடங்குவது போனில் கேட்டது. புதிய ஜன்னலைத் திறந்து, கருவிகளின் அடைவைச் சரிபார்த்து, திருத்திய நிரலை மறுபடி கம்பைலருக்குக் கொடுத்தேன். அது ஓடும்வரை அந்தப் பக்கம் மேனேஜரின் குரல், இந்தப் பக்கம் ஓவியாவின் மூச்சு என் தோளில். வந்த கோப்பையும், இம்தியாஸுக்கு அனுப்பிய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டளையைத் தட்டினேன்.

அந்தக் கட்டளை, வித்தியாசம் இருந்தால்தான் பேசும். ஒன்றாக இருந்தால் வாயைத் திறக்காது. அது ஒன்றும் சொல்லவில்லை.

பேசாமல் இருப்பவர்களை இந்த வாரம் நான் நம்பத் தயாராக இல்லை. வெள்ளிக்கிழமைக் கம்பைலர் தந்த தப்பான கோப்பை எடுத்துக் கொடுத்து, இதையும் ஒன்று என்கிறாயா பார்க்கலாம் என்றேன். வித்தியாசம் என்று உடனே கத்தியது. மறுபடி சரியான இரண்டையும் கொடுத்தேன். அமைதி.

"சரியா இருக்கு," என்றேன். இரண்டாவது தடவையும் சொன்னேன். "இம்தி, சரியாத்தான் இருக்கு. ஆன் பண்ணு."

செல்வி உட்கார்ந்தாள். ஓர் அடி. துண்டை எடுத்தாள். அச்சை நகர்த்தினாள். ஓர் அடி. வேகம் கூட்டினாள். அடிக்கும் அடிக்கும் நடுவே அவள் கை உள்ளே போய் வெளியே வருவதை நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓவியா என் சட்டையைப் பிடித்திருந்தாள். "அத்தை, போதும், மெதுவா," என்றாள், தமிழில். அவளுக்கே தெரியாமல் வந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் செல்விக்குக் கேட்டிருக்காது. அவள் நிறுத்தவில்லை. கூடை நிறைந்தது. ஒருமுறைகூட இரண்டாவது அடி விழவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். இம்தியாஸ் போனை எடுத்து என்னை எல்லோருக்கும் காட்டினான், மாப்பிள்ளையைக் காட்டுவதுபோல. மேனேஜர்கூடத் தலையாட்டினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரித்துச் சமாளித்தேன்.

கூட்டம் கலைந்தபின் ஒரு பெண் போனுக்கு முன்னால் வந்து நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். வலது கையில் கட்டு.

"அண்ணா, நான் ஷபானா. ரொம்ப தேங்க்ஸ்ணா."

"கை எப்படிம்மா இருக்கு?"

"பரவால்ல, வலி கம்மிதான்." தயங்கினாள். பின்னால் திரும்பி யாரும் இல்லையா என்று பார்த்தாள். அவள் முகத்தில் குற்றம் சொல்கிற பாவம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் போலத்தான் கேட்டாள். "அண்ணா, நான் உக்காந்திருந்தா ஆஃப் பண்ணச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு சொல்தான். வாய்வரை வந்தது. ஓவியா பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா," என்றேன்.

"தெரியும்ணா," என்றாள். செல்வியின் கழுத்திலிருந்து தன் டோக்கனைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, மிஷினில் போய் உட்கார்ந்தாள்.